ரூபி அக்காவின் சனிக்கிழமை பஸ்

இந்த ஆனி மாதம் மட்டக்களப்பிலிருந்து கல்குடாவுக்குப் போய் வந்தேன். சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர்தான். இருபது வயதில் அந்தக் கடற்கரையில் பதினான்கு மாதம் வாழ்ந்திருக்கிறேன். அதன்பின் ஐம்பது வருடங்களுக்கு மேல் அங்கே கால் வைக்கவில்லை. கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஊருக்கு ரயிலில் போகும்போதெல்லாம் கல்குடா நிலையம் வந்தால் பத்திரிகையை விரித்துக்கொள்வேன்.

இப்போது போக வைத்தது ஒரு போன் அழைப்பு. மாசி மாதம் என் அக்கா ரூபி கல்லடியில் இறந்துபோனார். ஓய்வுபெற்ற ஆசிரியை. திருமணம் செய்யவில்லை. அடக்கம் முடிந்த எட்டாம் நாள் வீட்டை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. திரையில் ‘சுபைதா’ என்று இருந்தது. அந்தப் பெயரில் எனக்கு யாரையும் தெரியாது.

“டீச்சர், சுகமா இரிக்கிங்களா? போன கிழமை முழுக்க எடுத்தன், நீங்க தூக்கல்ல” என்றது ஒரு வயதான பெண்குரல்.

அக்கா இறந்ததைச் சொன்னேன். பிறகு “நீங்க ஆரு?” என்று கேட்டார்.

“தம்பி.”

“கல்குடாவில ஹிப்பிக்காரனோட இரிந்த தம்பியா?”

அக்காவுக்கு வேறு தம்பி கிடையாது. ஆனால் அந்தக் காலத்தைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் ஒரு சொல் பேசியதில்லை. யாரென்றே தெரியாத ஒரு பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? ஓம் என்றேன்.

“ஒருக்கா ஓட்டமாவடிக்கு வாங்க தம்பி. டீச்சரப் பத்திப் பேச எனக்கு ஆள் இல்ல” என்றார் அவர்.

நான்கு மாதம் தள்ளிப்போட்டேன். காரணம் கேட்டால் கோடை, முழங்கால், டிக்கெட் என்று ஏதாவது சொல்லியிருப்பேன்.

கொழும்புக் கோட்டையிலிருந்து காலை 6.05 ரயில். இரண்டாம் வகுப்புக்கு 1,600 ரூபா கொடுத்தேன். விலை அடிக்கடி மாறுகிறது, கேட்டுக்கொள்ளுங்கள். மட்டக்களப்பை அடைந்தபோது பிற்பகல் 3.25. இந்த ரயில் வழியில் வாழைச்சேனையிலும் கல்குடாவிலும் நிற்கிறது. கடற்கரைக்கு மட்டும் போகிறவர்கள் அங்கேயே இறங்கிவிடலாம், ஒரு மணித்தியாலம் மிச்சம். நான் இறங்கவில்லை. அக்காவின் வீட்டில் இரவு தங்கி, மறுநாள் சனிக்கிழமை பஸ்ஸில் போவதாகச் சுபைதாவிடம் சொல்லியிருந்தேன். “ஓம், டீச்சரும் சனிக்கிழமைதான் வாற” என்றார். அது எனக்கு விளங்கவில்லை. போனில் விளக்கம் கேட்கவும் தைரியம் வரவில்லை.

காலை 6.10க்குக் கல்லடியிலிருந்து நடந்தேன். பழைய இரும்புப் பாலத்தில் இப்போது நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும்தான். வாவியில் இரண்டு தோணிகள் வலையை எடுத்துக்கொண்டிருந்தன. பஸ் நிலையத்துக்கு மெதுவாக நடந்தால் முப்பத்தைந்து நிமிடம். 6.50க்கு வாழைச்சேனை பஸ், 150 ரூபா. இடது பக்க யன்னலோரம் உட்காருங்கள். காலையில் வெயில் வலது பக்கம் அடிக்கும்.

ஏறாவூரில் துணி மூட்டைகளோடு இருவர் ஏறினார்கள். செங்கலடிச் சந்தியில் பஸ் பத்து நிமிடம் நின்றது. பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஏறி, வந்தாறுமூலையில் இறங்கினார்கள். அதற்கப்பால் ரோட்டின் இரு பக்கமும் வட்டைகள், வயல் வெளிகள். வேளாண்மை பச்சையாக நின்றது. கச்சான் காற்று தொடங்கிவிட்டதால் காலை எட்டாகும் முன்பே முகத்தில் அனல் வீசியது. இந்தக் காற்றுக்குப் பழக்கமில்லாதவர்கள் ஆனி, ஆடியைத் தவிர்ப்பது நல்லது. வாழைச்சேனையில் இறங்கும்போது 7.55.

சுபைதாவின் வீடு அங்கிருந்து பாலத்தைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர். காலையிலேயே வாருங்கள் என்று சொல்லியிருந்தார். நான் ஆட்டோவை எதிர்ப்பக்கம், கல்குடாவுக்குத் திருப்பச் சொன்னேன். 700 ரூபா, ஆறு கிலோமீட்டர். முதலில் இடத்தைப் பார்த்துவிட்டால் மனம் தெளியும் என்று நினைத்தேன்.

“எந்த ஹோட்டல் ஐயா?” என்று ஆட்டோக்காரர் கேட்டார். முப்பது வயது இருக்கும்.

“ஹோட்டல் இல்ல. கடற்கரை.”

“குளிக்கவா?”

“முந்தி இஞ்ச இரிந்தனான்.”

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “வெள்ளக்காரர் கொட்டில் கட்டி இரிந்தாங்களாமே, அப்பவா? எங்கட அப்பா சொல்லுவார். உடுப்பில்லாமத் திரிஞ்ச ஆக்களாம்.”

“உடுப்போடதான் இரிந்தம். கொஞ்சம் குறைவா” என்றேன். அந்த நாளில் நான் சிரித்தது அது ஒரு தடவைதான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. பல்கலைக்கழகம் கிடைக்கும் என்று வீடே நம்பியிருந்தது. கிடைக்கவில்லை. புள்ளிகள் இருந்தும் கிடைக்காத கோபத்தில் என் வகுப்பு நண்பர்கள் சிலர் அரசியலுக்குப் போனார்கள். நான் தலைமயிரை வளர்த்தேன். தலைமன்னார்க் கப்பலில் இந்தியாவிலிருந்து வந்து இறங்கிய வெள்ளைக்காரப் பிள்ளைகள், கடல் அடங்கும் காலத்தில் எங்கள் கரைக்கு வந்தார்கள். கல்குடாவில் ஆறேழு கிடுகுக் கொட்டில்கள். கித்தார், கஞ்சா, ஏறாவூர் நெசவுச் சாரம், தயிர், அதில் ஊற்றும் பாணி, நாள் முழுக்கக் கடல். அவர்களுக்கு ஆங்கிலமும் தமிழும் தெரிந்த ஒருவன் தேவைப்பட்டான். எனக்கு, என்னைப் பற்றி எதுவும் கேட்காத ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஒரு வாரம் என்று போனவன் தங்கிவிட்டேன். சீலன் என்ற என்னை அவர்கள் சன்னி என்று கூப்பிட்டார்கள்.

அது பொய்யான காலம் என்று சொல்லமாட்டேன். அங்கே ஒரு சட்டியில் எல்லாரும் சாப்பிட்டோம். நான் யாருடைய மகன், என்ன சாதி, எத்தனை பாடம் சித்தியடைந்தவன் என்று யாரும் கேட்கவில்லை. என்னோடு ஒரே கொட்டிலில் இருந்த மார்ட்டின் என்ற அமெரிக்கன், போருக்கு வரச்சொல்லி வந்த கடிதத்தைக் கிழித்துப்போட்டு ஓடிவந்தவன். கொல்லமாட்டேன் என்று சொன்னதற்காக ஒருவன் தன் நாட்டுக்கே திரும்ப முடியாமல் இருக்கலாம் என்பதை அவனிடம்தான் அறிந்தேன். ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: அது எங்கள் சனம் விடியற்காலையில் பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம். இல்லாமையே விடுதலை என்று நாங்கள் பாடிக்கொண்டிருந்தோம். எங்கள் பாட்டைத் தாண்டி, உண்மையாகவே ஒன்றும் இல்லாதவர்கள் கரைவலை இழுக்கப் போனார்கள். அது அப்போது என் கண்ணில் படவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு சனிக்கிழமை அக்கா வந்தார். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, கையில் ஒரு பொதி. மணலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வருவதைத் தூரத்திலிருந்தே கண்டேன். அவருக்கு அப்போது இருபத்தாறு. அப்பா இறந்தபின் அம்மாவையும் என்னையும் தன் சம்பளத்தில் தாங்கியவர். நான் எழுந்து கொட்டிலுக்குள் போய், வாசலில் தொங்கிய துணிக்குப் பின்னால் நின்றேன். “நான் இல்லை என்று சொல். யாரென்று எனக்குத் தெரியாது” என்று மார்ட்டினிடம் சொன்னேன்.

அக்கா நல்ல ஆங்கிலத்தில், சீலன் இங்கே இருக்கிறானா என்று கேட்டார். மார்ட்டின் இல்லை என்றான். அக்கா சிறிது நேரம் நின்றார். பொதியை அவனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார். உள்ளே சீனி அரியதரப் பலகாரமும் இரண்டு சேர்ட்டும். அன்று இரவு மார்ட்டின் அரியதரத்தைத் தொடவில்லை. “என் வீடு பத்தாயிரம் மைல். உன் வீடு ஒரு பஸ்” என்று மட்டும் சொன்னான்.

அக்கா அதன்பின் வரவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் நடந்த ஒன்றைக் கொழும்பில் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். பவள முருகைக்கல் வெட்டி என் காலில் புண் ஆறாமல் இருந்தது. வாழைச்சேனையிலிருந்து வாரம் ஒரு தரம் எங்களுக்குப் பாணும் கருவாடும் கொண்டுவரும் கடைக்கார முதலாளி, நான் கேளாமலே ஒரு போத்தல் மருந்தெண்ணெய் கொண்டுவந்து தந்தார். ‘முகம் தெரியாத மனிதனின் அன்பு, அதுதான் அந்தக் காலம்’ என்று முடிப்பேன். கேட்டவர்கள் தலையசைப்பார்கள்.

கடைசியில் வெளிநாட்டுக்காரர்களின் விசா முடிந்தது. அவர்களோடு தலைமன்னார் வரை போனேன். என்னிடம் கடவுச்சீட்டு இல்லை. கப்பல் போனது. கல்லடிக்கு வந்து கதவைத் தட்டினேன். அக்கா திறந்தார். “குளிச்சிட்டு வா. சோறு இரிக்கி” என்றார். அவ்வளவுதான். அடுத்த வருடம் கொழும்பில் எனக்கு ஓர் அலுவலகத்தில் லிகிதர் வேலை கிடைத்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் நாங்கள் பேசியிருக்கலாம். பேசவில்லை.

இப்போது அந்தக் கரையில் ஒன்றும் இல்லை. சூறாவளி ஒரு தரம், யுத்தம், பிறகு கடலே ஒரு தரம் எல்லாவற்றையும் துடைத்திருக்கின்றன. புதிய சுவர்கள், ஒரு காவற்கொட்டில், நீரில் கத்தும் சுற்றுலாப் பிள்ளைகள். நாங்கள் இருந்த இடம் எது என்று பனைகளை வைத்து மட்டுக்கட்டப் பார்த்து முடியாமல் கரையோரம் மேலும் கீழும் நடந்தேன். மணிக்கூட்டைப் பார்த்தபோது 11.40.

ஓட்டமாவடியில் சுபைதாவின் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றபோது பகல் 12.15. மெலிந்த, உயரமான பெண். கதவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

“எட்டு மணி பஸ்ஸில வந்திருப்பீங்க எண்டு பாத்திட்டு இரிந்தன்” என்றார்.

“கடற்கரைக்குப் போயிட்டு வந்தன் ராத்தா.”

“ஓம். நினைச்சன்.” எழுந்து உள்ளே கூட்டிப்போனார். அவருடைய மகள் சோறு போட்டார். மீன் ஆணம், பருப்பு, வாழைக்காய்ப் பொரியல். எல்லாம் காலையிலேயே சமைத்து ஆறியிருந்தன. நான் சாப்பிட்டு முடித்ததும் சுபைதா எதிரே வந்து உட்கார்ந்தார்.

“எங்கட வாப்பாட கடை வாழைச்சேனை பஸ் நிக்கிற இடத்தில இரிந்த” என்று பிறகு தொடங்கினார். “பின்னால வீடு. எனக்கு அப்பதான் கலியாணம் முடிஞ்ச, இருவத்திரெண்டு வயசு. ஒரு சனிக்கிழமை, நல்ல வெயில். வெள்ளச் சேலை கட்டின ஒரு பொம்புள கல்குடாப் பக்கமிரிந்து நடந்து வந்தா. பஸ் போயிட்டு. குடையிருந்தும் விரிக்காம நிண்டவ. உம்மா உள்ளுக்குக் கூப்பிட்டுத் தண்ணி குடுத்தா. என்ன விசயம் எண்டு கேட்டதுக்கு, ‘என்ட தம்பி அங்க இரிக்கான்’ எண்டு மட்டும் சொன்னா.”

நான் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அடுத்த சனி திரும்ப வந்தா. எண்ணெய் ஒரு போத்தல் கொண்டு வந்தா. வாப்பாட்டக் குடுத்து, ‘கடற்கரைக்குப் போற சாமானோட இதையும் குடுங்க, நான் தந்த எண்டு சொல்லாதிங்க’ எண்டா. அதுக்குப் பிறகு பதினொரு மாசம். மழைக்கு ரெண்டு தரம்தான் வராம விட்டவ. கடற்கரைக்குப் போறல்ல. எங்கட குசினியில, அடுப்படியில இரிப்பா. நான் அஞ்சாம் வகுப்போட நிப்பாட்டின ஆள். எனக்குக் கடிதம் எழுத, கணக்குப் போட எல்லாம் சொல்லித் தந்தவ அவதான். வாப்பா கல்குடாவால வந்தா, ‘எப்படி இரிக்கான்’ எண்டு கேப்பா. வாப்பா சொல்லுவாரு, ‘மெலிஞ்சிட்டான், காய்ச்சல் இல்ல, சிரிச்சிட்டு இரிக்கான்.’ அதக் கேட்டுட்டு மூண்டு மணி பஸ்ஸில போயிருவா.”

வீட்டில் சனிக்கிழமைகளில் எங்கே போவதாகச் சொல்லியிருப்பார்? கேட்க இப்போது ஆள் இல்லை.

“ஏன் ராத்தா, அக்கா என்னட்ட ஒண்டும் சொல்லல்ல?”

“நானும் கேட்ட. ‘அவனா வரணும். நான் கூப்பிட்டு வந்தா திரும்பவும் போயிருவான்’ எண்டா.”

சுபைதா தண்ணீர் குடித்தார். அடுத்ததைச் சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது.

“அவக்கு ஆரையம்பதியில இரிந்து ஒரு மாப்பிள்ள பேசி வந்தாங்க. தெரியுமா?”

தெரியாது.

“அவக்கும் விருப்பம்தான். படிச்ச பெடியன். ஆனா தம்பி ஹிப்பியோட இரிக்கான், கஞ்சாக் குடிக்கான் எண்டு கேள்விப்பட்டிட்டாங்க. ‘அவன் எங்கட பிள்ளையில்ல, தொடர்பில்ல எண்டு ஊருக்கு முன்னால ஒரு சொல் சொல்லுங்க, கலியாணம் வைப்பம்’ எண்டாங்களாம். பேச்சு நடத்தின உங்கட மாமா சரி எண்டிட்டாராம். டீச்சர் மாட்டன் எண்டிட்டா. எங்கட குசினியில வந்துதான் அழுதவ. அந்த ஒரு நாள்தான் நான் கண்ட.”

அக்கா ஏன் திருமணம் செய்யவில்லை என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். அவவுக்கு விருப்பமில்லை என்று நான் பதில் சொன்னேன். யாரிடமும் கேட்காமல் நானே உண்டாக்கிக்கொண்ட பதில் அது.

அப்போதுதான் அந்த முதல் சனிக்கிழமையைப் பற்றிச் சுபைதாவிடம் சொன்னேன். மனைவியிடமும் சொல்லாதது. “நான் அண்டைக்கு அங்கதான் இரிந்த ராத்தா. உள்ளுக்கு. நான் இல்ல எண்டு சொல்லச் சொன்னதும் நான்தான்.”

அவர் முகத்தில் மாற்றம் எதுவும் இல்லை.

“அது டீச்சருக்குத் தெரியும். துணிக்குக் கீழால உங்கட காலக் கண்டவ. புண் சீழ் வச்சிருக்கு, மருந்து கட்டாமத் திரியிறான் எண்டுதான் எங்கட உம்மாட்ட முதல் சொன்ன. அந்த எண்ணெய் அதுக்குத்தான்.”

லுகர், மதியத் தொழுகையின் நேரம் போய்க்கொண்டிருந்தது. சுபைதா தொழுதுவிட்டு வந்தார். தொண்ணூறுகளில் தமிழர், முஸ்லிம்கள் இரு பக்கமும் பயத்தில் போக்குவரத்து நின்றுபோன வருடங்களில் அவர்கள் ஒருவரையொருவர் காணவில்லை என்றும், பாதை திறந்தபின் முதலில் வந்தது அக்காதான் என்றும் சொன்னார். போன் வந்த பிறகு வாரம் ஒரு தரம் பேசுவார்களாம்.

“என்னைக் கல்லடிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? மையத்து அடக்கத்துக்கு வரக் கிடைக்கல்ல” என்று கேட்டார்.

மகளின் அயலவர் ஒருவரின் சிறிய வான். போக, வர, காத்திருக்க 9,000 ரூபா. 2.20க்குப் புறப்பட்டு 3.40க்குக் கல்லடிச் சேமக்காலையை அடைந்தோம். அக்காவின் குழிக்கு இன்னும் கல் வைக்கவில்லை. மரச் சிலுவையும் பெயரும்தான். சுபைதா செருப்பைக் கழற்றிவிட்டுக் கையை ஊன்றி மணலில் உட்கார்ந்தார். காற்று கொண்டுவந்து போட்ட சருகுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் மடியில் போட்டார். மகள் வானிலேயே இருந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

என்னைப் பார்க்காமலே சொன்னார்: “டீச்சர் உங்களோட ஒரு நாளும் கோவிக்கல்ல தம்பி. அத நம்புங்க. நான்தான் கோவமா இரிந்தன். இவ்வளவு காலமும். போனில உங்கட குரல் கேட்ட உடனயும் கோவம்தான் வந்த.”

“இப்ப?”

“இப்பக் கண்டிட்டன்” என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. எழும்ப என் கையைக் கேட்டார். கொடுத்தேன்.

அந்தப் பதினான்கு மாதங்களைக் குப்பை என்று எறிய எனக்கு மனமில்லை. மார்ட்டினும் நல்லவன், அந்தக் கடலும் நல்லது, ஒரு சட்டிச் சோறும் நல்லது. ஆனால் உலகம் முழுவதையும் நேசிக்கிறோம் என்று நாங்கள் பாடிய நாட்களில், ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு குசினியில் மூன்று பெண்களும் ஒரு கடைக்காரரும் பாட்டில்லாமல் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். இதை எழுதாமல் அந்தக் காலத்தைப் பற்றி நான் இனி எங்கும் பேசக்கூடாது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விடயங்கள். கடல் சித்திரை முதல் ஆவணி வரை அமைதி. மார்கழி மழையில் ரோட்டில் தண்ணீர் நிற்கும். மட்டக்களப்பிலிருந்து அதிகாலை பஸ்ஸே நல்லது. பத்து மணிக்குப் பிறகு நிற்கத்தான் இடம் கிடைக்கும். கடற்கரையில் நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் வேண்டும். முருகைக்கல் கூர்மையானது, செருப்பில்லாமல் இறங்காதீர்கள். கொட்டில்கள் இருந்த இடத்தைத் தேடி வருகிறவர்கள் வீணாக நடக்க வேண்டாம், அடையாளம் ஒன்றும் மிச்சமில்லை. அந்தப் பக்கத்தில் உங்களுக்காக யாராவது காத்திருந்தால் முதலில் அந்த வீட்டுக்குப் போங்கள். கடல் பின்னேரமும் அங்கேயேதான் இருக்கும்.